சூரியனுக்கு மூத்த தண்ணீர்

திரையின் ஓரத்தில் இருந்த எண் அரையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் வானியலாளர் இஸ்மாயேல் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் அன்றைய வேலை முடிந்தது என்று கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் தெரியும்.

நெல்டா எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். 0.52. 0.57. 0.61. மேலே, ஐயாயிரம் மீட்டர் உயரத்துச் சமவெளியில், காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் துணி பிழிவதுபோலப் பிழிந்து தரையில் விட்டால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்பதுதான் அந்த எண். அரைக்குக் கீழே இருந்தால் இஸ்மாயேலின் வேலை நடக்கும். அதற்கு மேலே போனால், வானம் நீலமாகக் கழுவி வைத்ததுபோல் இருந்தாலும் பயனில்லை.

"எவ்ளோ தேறுச்சு, டாக்டர்?"

"பதினோரு நிமிஷம்."

"இன்னும் எவ்ளோ வேணும்?"

"எழுபது."

அந்த எழுபது நிமிடத்துக்காக அவர் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். தெற்கு வானத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் என்று சொல்வதுகூட அதிகம். பத்து லட்சம் வயதுதான் ஆகிறது, அந்தக் கணக்கில் தொப்புள்கொடி விழாத குழந்தை. அதற்கு நீளமாக ஒரு பட்டியல் எண் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். பாப்பாவைச் சுற்றித் தூசியும் வாயுவும் தோசைபோலத் தட்டையாகப் பரவிச் சுழன்றுகொண்டிருக்கின்றன. அந்தத் தூசி ஒட்டி, உருண்டு, இன்னும் சில கோடி வருடத்தில் பூமிபோல ஏதாவது ஆகலாம். அந்த வட்டத்துக்குள் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் இஸ்மாயேலின் கேள்வி. தொல்லை என்னவென்றால், நம் தலைக்கு மேல் இருக்கும் தண்ணீர் அங்கே இருக்கும் தண்ணீரைப் பார்க்க விடாமல் மறைக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய வண்டிகள் வந்து, மேலே சமவெளியில் நின்று வானத்தைப் பார்க்கும் ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு இடங்களில் நிறுத்தத் தொடங்கிவிடும். பிறகு இந்த அமைப்பு அடுத்த வருடம்தான். மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை, மறுபடி எங்கேயோ ஒரு குழு உட்கார்ந்து தலையசைக்க வேண்டும்.

"நெல்டா, வியாழக்கிழமை வர முடியுமா?"

"இன்னையோட என் எட்டு நாள் முடியுது, டாக்டர். ஆறு நாள் லீவு."

"தெரியும். க்ளாடியோ கலாமா டவுன் ஆஸ்பத்திரியில இருக்கான், அவன் மனைவிக்கு எந்த நேரமும் குழந்தை பிறக்கும். உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாருக்கும் இந்த அலைவரிசை சரியா வர மாட்டேங்குது. வியாழன் காலையில காத்து நல்லா காஞ்சிருக்கும்னு சொல்றாங்க. ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும்."

ஐம்பது ஆன்டெனாக்களை ஒரே கண்ணாக்கித் தருவது நெல்டாவின் வேலை. ஒன்று அசைந்தாலும் கண் மங்கும். ஆன்டெனாக்களுக்கு இருட்டு தேவையில்லை, பட்டப்பகலிலும் பார்க்கும். ஆனால் பொறுமையான கை வேண்டும்.

"நாளைக்கும் நாளன்னிக்கும் எங்க ஊர்ல கால்வாய் சுத்தம். இந்த வருஷம் நான்தான் தலைவி."

"வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமில்ல?"

"முடிஞ்சிடும். ஆனா கடைசி நாள் நாங்க என்ன கேப்போம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன?"

"மேகம்."

இஸ்மாயேல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"கேட்ட மூணு நாளைக்குள்ள எங்க துல்காரி மலை தலையில மேகம் வந்து உக்காரணும். உக்காந்தா ஜனவரியில மழை உண்டுன்னு அர்த்தம். புதன்கிழமை காலையில கேப்போம்."

அவர் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மத்தியானமா வரச் சொல்லுங்களேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கை நெல்டாவோடு காரில் ஏறி உட்கார்ந்து, உப்புவெளியின் ஓரமாக ஊர்வரைக்கும் கூடவே வந்தது.

*

நெல்டாவின் ஊரான புயாரேயில் வருடங்களுக்கு எண் கிடையாது, கால்வாய்த் தலைவர்களின் பெயர்தான். அப்தோன் வருஷத்தில் பேரிக்காய் மரம் தாங்காமல் காய்த்தது என்பார்கள். எவாரிஸ்தோ வருஷத்தில் கால்வாய் ஆகஸ்டிலேயே வற்றி, ஆடுகளை விற்றோம் என்பார்கள். எவாரிஸ்தோ இறந்து இருபது வருடம் ஆகிறது. பாவம், நல்ல மனிதர். பஞ்சத்தைத் தவிர வேறு எதற்காகவும் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. ஜனவரியில் வருகிற கோடை நல்லதோ கெட்டதோ, அது நெல்டா வருஷம்.

செவ்வாய்க்கிழமை காலை அறுபது பேர் மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கினார்கள். ஊற்றுக்கண்ணிலிருந்து ஊர்வரை நான்கு கிலோமீட்டர். ஒரு வருடத்து மண்ணும் புல்லும் வேரும் செத்த பல்லியும் வெளியே வர வேண்டும். நெல்டா முன்னால் நடந்து, ஒன்றை முடித்தவருக்கு அடுத்தது என்று எட்டு எட்டு அடியாக அளந்து கொடுத்தாள். அவளுடைய அண்ணி பிரோஸ்பெரா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எனக்கு மட்டும் கல்லா இருக்குற இடமாப் பாத்து அளந்து குடுத்திருக்கியே. மேல ஆபீஸ்ல கத்துக்கிட்டதா?"

"எட்டு அடி எட்டு அடிதான், அண்ணி."

"ஆமா, எட்டு அடி. நேத்து வரைக்கும் மேகத்த வெரட்டுற வேலை, இன்னைக்கு மேகத்தக் கூப்பிடுற வேலை. ஒரு கை செய்யிறது இன்னொரு கைக்குத் தெரியாம வச்சிருக்கியாடி?"

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நெல்டாவும் சிரித்தாள். ஆனால் வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது.

பிரோஸ்பெராவின் வாய்க்குத் தீனி போட்டதே நெல்டாதான். நான்கு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், தேநீர் இடைவேளையில் இஸ்மாயேல் ஒரு விஷயம் சொன்னார். நாம் குடிக்கும் தண்ணீரில் பாதியளவு, ஒருவேளை அதற்கும் குறைவு, சூரியனைவிட வயது மூத்தது. சூரியன் பிறப்பதற்கு முன்பே அது பனியாக இருட்டில் இருந்தது. நெல்டா கையிலிருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவளால் தண்ணீரைச் சும்மா பார்க்க முடிந்ததில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்ததும், சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அண்ணியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள். பிரோஸ்பெரா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தப் பாதி? காலையில வர்றதா, சாயங்காலம் வர்றதா?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றும் யாராவது தண்ணீர் முறைக்குத் தாமதமாக வந்தால், "மெதுவா வா, அது சூரியனுக்கு மூத்ததாம், காத்திருக்கும்" என்பார்கள்.

அந்தக் கேலி நெல்டாவுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: அவளிடம் காட்ட எதுவும் இல்லை. பாப்பாவைச் சுற்றித் தண்ணீர் இருப்பது திரையில் ஒரு மேடாகத் தெரிந்தால் போதும். பூமி என்று ஒன்று உருள்வதற்கு முன்பே தண்ணீர் வந்து காத்திருக்கிறது, இதோ பார் அண்ணி என்று சொல்லலாம். எழுபது நிமிடம். இஸ்மாயேலுக்கு வேண்டிய அதே எழுபது நிமிடம்.

மாலையில் முதுகு நிமிராத நிலையில் எல்லோரும் பத்தாஸ்கா சாப்பிட உட்கார்ந்தார்கள். சோளமும் லாமா இறைச்சியும் காலையிலிருந்து கொதித்துக் குழைந்திருந்தன. பாட்டுக்காரர் லெயோகாடியோ, நாளைய சடங்கை நடத்துபவர், தட்டோடு அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவருக்கும் அவளுக்கும் ஒரே வயது; பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது உள்ளூர்ப் பள்ளி வேனை ஓட்டுகிறார்.

"நாளைக்கு முறை ஞாபகம் இருக்குல்ல?" என்றார். "முதல் குடத்துல அல்கரோபா காய ஊறவச்ச பானம். அது நன்றிக்கு. தண்ணி எங்கேருந்து கிளம்புச்சோ அங்கேருந்து நம்ம வாசல் வரைக்கும், வந்த வழி பூரா பேர் சொல்லி நன்றி சொல்லணும். ரெண்டாவது குடத்துல மது. அது கேக்குறதுக்கு. வெயில் நாம ஊத்துற குழியத் தொடுறதுக்குள்ள ரெண்டும் முடியணும். தொட்டா மூடிருவேன், அப்புறம் ராணியே வந்தாலும் தொறக்க மாட்டேன்."

"தெரியும்டா. சின்ன வயசுலேருந்து பாக்குறேனே."

"பாக்குறது வேற. போன வருஷம் உங்க அண்ணி அஞ்சு நிமிஷத்துல நன்றிய முடிச்சுட்டு, கேக்குறதுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டா."

"அதான் போன வருஷம் மழை பெஞ்சுச்சு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பிரோஸ்பெராவின் குரல் வந்தது.

*

புதன்கிழமை விடிகிறபோது எல்லோரும் ஊற்றுக்கண்ணில் இருந்தார்கள். கிழக்கே துல்காரி மலை கறுப்பாக நின்றது. அதன் நிழல் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடியிருந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் ஏறஏற அந்த நிழல் மேற்கிலிருந்து மெல்லப் பின்வாங்கி வரும். வெயிலின் விளிம்பு கல்லுக்குக் கல் தாண்டிக் குழியை நெருங்கும். அதுதான் கடிகாரம்.

குழி ஒரு தட்டு அகலம்தான். உள்ளே கோகா இலை பரப்பியிருந்தது. லெயோகாடியோ பழைய மொழியில் பாடினார். அந்த மொழியில் இப்போது பாட்டு மட்டும்தான் மிச்சம்; பேச ஆளில்லை. பாட்டு முடிந்ததும் முதல் குடம் நெல்டாவின் கைக்கு வந்தது.

வழக்கம் எளிது. "துல்காரி அப்பனே, உன் பனிக்கு நன்றி" என்று மலை உச்சியில் ஆரம்பிக்க வேண்டும். பிறகு பனி உருகும் சரிவு, ஊற்று, மேல்மடை, கீழ்மடை, பேரித்தோப்பு, வாசல். ஒவ்வொரு பெயருக்கும் குடத்திலிருந்து கொஞ்சம் ஊற்ற வேண்டும். எல்லாத் தலைவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

நெல்டா வாயைத் திறந்தாள். மூடினாள். எங்கேருந்து கிளம்புச்சோ அங்கேருந்து என்றல்லவா முறை? மலையிலிருந்தா கிளம்பியது? பொய் சொல்லி ஆரம்பிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. குழியின் முன்னால் முடியாது.

"இருட்டுக்கு நன்றி," என்றாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

"சூரியன் இல்லாத காலத்து இருட்டுக்கு நன்றி. அங்க பெரிய மேகம் இருந்துச்சு. நம்ம மேகம் மாதிரி இல்ல, வாயுவும் தூசியுமா, ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் போக வெளிச்சத்துக்கே வருஷக்கணக்கு ஆகும். அந்தக் குளிருக்கு நன்றி. அந்தக் குளிர்லதான் ஒவ்வொரு தூசி மேலயும் தண்ணி பனியா ஒட்டிக்கிச்சு. ஒரு தூசிக்கு ஒரு துளிகூட இல்ல. ஆனா எல்லாத் தூசியும் சுமந்துச்சு. சுமந்த தூசிக்கு நன்றி."

ஒவ்வொரு நன்றிக்கும் குடம் சாய்ந்தது. இலைமேல் பானம் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"மேகத்துக்குள்ள ஒரு இடம் கனமாச்சு. கனமானது பக்கத்துல இருக்குறதையெல்லாம் இழுத்துச்சு. இழுக்கஇழுக்க இன்னும் கனம். விழுந்துகிட்டே சுத்துச்சு. நம்ம உப்புவெளியில மத்தியானம் சூறைக்காத்து எழும்புமே, சுத்தச்சுத்த ஒல்லியாகி வேகம் எடுக்குமே, அந்த மாதிரி. நடுவுல விழுந்தது நெருக்கத்துல சூடேறி, ஒரு நாள் பத்திக்கிச்சு. அதான் நம்ம சூரியன். பத்திக்கிட்ட நெருப்புக்கு நன்றி. நெருப்புல விழாம வெளியில நின்னு சுத்துனதுக்கும் நன்றி. அது தட்டையாப் பரந்துச்சு. மடை தொறந்தா நுரையும் வைக்கோலும் குட்டையில வளையம் வளையமா சுத்துமில்ல, அப்படி. தூசியும் தூசியும் ஒட்டிச்சு. மண்ணாங்கட்டி ஆச்சு, கல்லாச்சு, பாறையாச்சு, மலையளவு ஆச்சு. மோதுச்சு, உடைஞ்சுச்சு, மறுபடி ஒட்டிச்சு. அப்படித்தான் நம்ம காலுக்குக் கீழ இருக்குறது வந்துச்சு. உடைஞ்சும் மறுபடி ஒட்டுனதுக்கு நன்றி."

அவள் திரையில் எத்தனையோ முறை பார்த்த வளையங்கள் இப்போது ஊர்ச்சொல்லில் வந்து விழுந்துகொண்டிருந்தன. எங்கே நிறுத்துவது என்று அவளுக்கே தெரியவில்லை. எதை விட்டாலும் நன்றிகெட்டத்தனமாகப் பட்டது.

"பூமி அப்ப கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி தூரத்துல, குளிர்ல, கல்லுக்குள்ள ஒளிஞ்சு காத்திருந்துச்சு. ஒவ்வொரு கல்லா வந்து விழுந்து கொண்டுவந்து சேத்துச்சு. சேத்த கல்லுக்கு நன்றி. கடலுக்கு நன்றி. கடல்லேருந்து தூக்கிட்டு வந்த காத்துக்கு நன்றி. துல்காரி அப்பனே, உன் பனிக்கு நன்றி..."

இங்கேதான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். நெல்டா சரிவைச் சொன்னாள், ஊற்றைச் சொன்னாள், இரண்டு மடையையும் சொன்னாள், பேரித்தோப்பைச் சொன்னாள், வாசலைச் சொன்னாள். குடத்தின் கடைசிச் சொட்டு விழுந்தது. நிமிர்ந்து இரண்டாவது குடத்துக்குக் கை நீட்டினாள்.

குழியின் விளிம்பில் வெயில் இருந்தது.

லெயோகாடியோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

மது நிறைந்த குடத்தோடு நெல்டா நின்றுகொண்டிருந்தாள். புயாரே தோன்றிய நாளிலிருந்து கேட்காமல் மூடிய குழி இதுதான்.

முதலில் வாய் திறந்தது பிரோஸ்பெராதான். "அடிப்பாவி! கடைக்குப் போய் கடைக்காரன் பாட்டன் பூட்டன் வரைக்கும் நலம் விசாரிச்சுட்டு, அரிசி வாங்காம திரும்பி வந்த மாதிரி வந்து நிக்கிறியேடி!"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி நடந்தார். "எவாரிஸ்தோகூட கேட்டான்யா," என்று அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

லெயோகாடியோ குடத்தின் வாயைத் துணியால் கட்டினார். "ஊத்தாத மது. யாரும் குடிக்கக் கூடாது. உன்கிட்டயே இருக்கட்டும்."

"என்னடா செய்யிறது இத?"

"தெரியலையே. இது வரைக்கும் மிஞ்சுனதே இல்ல."

அன்று மாலை புதிதாகச் சுத்தம் செய்த கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். பழைய இலைகளைத் தள்ளிக்கொண்டு அது ஊருக்குள் வந்தது. நெல்டா தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் இழுத்தேனா? இஸ்மாயேலின் எழுபது நிமிடத்துக்காக என் நாக்கு எனக்குத் தெரியாமல் வழியை நீட்டியதா? இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். ஆம் என்றும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டன. மலை உச்சி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நெல்டா வருஷம். நாற்பது வருடம் கழித்து யாரோ ஒருத்தி, நெல்டா வருஷத்தில் ஆடுகளை விற்றோம் என்று சொல்வாள்.

*

வியாழக்கிழமை காலை ஆய்வகத்து வாசலில் காவலாளி காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"குடத்துல என்ன, நெல்டா?"

"மது."

"இங்க மது கொண்டுவரக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"குடிக்கிறதுக்கு இல்ல, அண்ணே. துல்காரிக்குச் சேர வேண்டியது. ஊத்த விட்டுப்போச்சு."

காவலாளியின் ஊர் பக்கத்துப் பள்ளத்தாக்கு. அவர் குடத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "கேக்காமயா மூடுனீங்க?" என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. பிறகு குடத்தை வாங்கித் தன் அறையில், ஜன்னலோரம், மலையைப் பார்த்தாற்போல் வைத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு எண் 0.41. இஸ்மாயேலின் தொப்பி காதுவரைக்கும் இறங்கியிருந்தது. நெல்டா ஐம்பது ஆன்டெனாக்களையும் பாப்பாவை நோக்கித் திருப்பினாள். ஒன்று முரண்டு பிடித்தது, சமாதானப்படுத்தினாள். ஒன்பது ஏழுக்கு நிமிடங்கள் ஓடத் தொடங்கின.

பத்து. இருபது. 0.40. முப்பது. அறையில் யாரும் காபி எடுக்கக்கூட எழவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் 0.43. நெல்டாவின் கண் பக்கத்துத் திரைக்குப் போனது. அது வானிலைக் கேமரா. மலைகளின் வரிசை சின்னதாகத் தெரியும். அவள் பார்க்க நினைத்தது சமவெளியின் காற்றை. கண் போய் நின்றது தென்கோடியில் இருந்த துல்காரியில்.

உச்சிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ இருந்தது.

ஐம்பது. 0.45. வெள்ளை பெரிதானது. பஞ்சை யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல மெல்ல ஏறி, உச்சியைத் தொட்டு, அங்கேயே தங்கியது. ஒரு தொப்பி அளவு. அதற்கு மேல் இல்லை. சந்தோஷமா, பயமா என்று பிரித்துப் பார்க்க நெல்டாவுக்கு அவகாசம் இல்லை. அறுபதாவது நிமிடத்தில் எண் 0.48. அந்த மேகத்தைக் கொண்டுவந்த கிழக்குக் காற்று அதே ஈரத்தைச் சமவெளிக்கும் கொண்டுவரத் தொடங்கியிருந்தது.

"உங்க மலைதானே அது?" இஸ்மாயேல் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, டாக்டர்."

"கேட்டாச்சா?"

"கேக்கல."

அவர் புரியாமல் பார்த்தார். விளக்க நேரமில்லை. அறுபத்து நான்கு. 0.49. அறுபத்தாறாவது நிமிடத்தில் 0.50. அறுபத்தேழில் 0.55. இஸ்மாயேல் கையைத் தொப்பிக்குக் கொண்டுபோனார். கழற்றவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்தாறு," என்றாள் நெல்டா. "நாலு நிமிஷம் குறையுது. நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு உங்க மேகம் இங்க வந்து நிக்கும். முதல்ல சேந்தத போட்டுப் பாருங்க."

கச்சாக் கணக்குத்தான், சரியான கணக்குக்கு வாரக்கணக்கில் ஆகும். நெல்டா பழைய பதினோரு நிமிடத்தையும் சேர்த்துப் போட்டாள். கோடு திரையில் இடமிருந்து வலமாக வந்தது. மணல்போல ஏறி இறங்கி, ஏறி இறங்கி. நடுவில் வந்ததும் நிதானமாக எழுந்து, ஒரு சின்ன முதுகைக் காட்டி, மறுபடி இறங்கிப் போனது.

தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த முதுகு இருந்தது.

இஸ்மாயேல் திரைக்கு வெகு அருகில் குனிந்தார். "இது போதாதுன்னு நாலு பேர் எழுதுவாங்க," என்றார். "எழுதட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். "உங்க மலை அறுபத்தாறு நிமிஷம் குடுத்திருக்கு. நாலு நிமிஷத்த அது வச்சுக்கட்டும்."

நெல்டாவின் கைபேசி அதிர்ந்தது. அண்ணி.

"பாத்தியாடி?" பிரோஸ்பெரா கத்தினாள். பின்னால் யாரோ டமாரம் தட்டுவது கேட்டது. "காலையிலேயே வந்து உக்காந்துருச்சு! நீ கேக்கவே இல்லையே, யாருடி கேட்டா?"

"எனக்கென்ன தெரியும், அண்ணி."

"லெயோகாடியோ என்ன சொல்றான் தெரியுமா? இது வரைக்கும் எவனும் அவ்ளோ நீளமா நன்றி சொன்னதில்ல, அதான் அதுக்கே வெக்கமாப் போயிருக்கும்ங்கறான்." பிறகு குரலை இறக்கினாள். "ஒரு தொப்பியளவுதான் இருக்கு. ரொம்பத் துள்ளாதே. மழை வந்தாத்தான் மழை."

"சரி அண்ணி."

"அப்புறம்... அந்தப் பாப்பாவப் பாக்கணும்னு சொன்னியே. பாத்தியா?"

"பாத்தேன். தண்ணி இருக்கு."

அண்ணி டமாரத்திலிருந்து தள்ளிப் போவது கேட்டது.

"எந்தப் பாதி?" என்றாள் பிரோஸ்பெரா. ஆனால் இந்த முறை அதில் கேலி இல்லை.

*

மத்தியானம் நெல்டா காவலாளியிடம் குடத்தை வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நடந்தாள். இஸ்மாயேல் பின்னாலேயே வந்தார். துல்காரி இங்கிருந்து ஒரு நகத்தளவு. நகத்தின் நுனியில் வெள்ளை இன்னும் இருந்தது.

மண்டியிட்டு மண்ணில் சின்னதாகப் பள்ளம் பறித்தாள். துணியை அவிழ்த்தாள். வெயில் நேரே தலைமேல் இருந்தது. முறைப்படி பார்த்தால் எல்லாம் தப்பு. இது கேட்பதற்கான மது. கேட்க வேண்டியது ஏற்கெனவே மலையில் உட்கார்ந்திருந்தது. இனி என்ன சொல்லி ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமலே குடத்தைச் சாய்த்தாள்.

"நானும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் இஸ்மாயேல்.

"சொல்லுங்க. ஆனா ஆரம்பத்துலேருந்து சொல்லணும்."

அவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பதுபோல் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. நெல்டா காத்திருந்தாள். அவர்கள் காலடியில் மது வட்டமாகப் பரவிக் கறுத்து, அந்த வெயிலில் விளிம்பிலிருந்து காயத் தொடங்கியது. ஈரத்துக்கு நடுவே கூழாங்கற்கள் வட்டமாகக் கிடந்த இடங்களில் மண் முதலில் வெளுத்தது. கறுப்பு வளையம், வெளுப்பு வளையம், மறுபடி கறுப்பு, திரையில் பாப்பாவைச் சுற்றி இருந்ததுபோல. நடுவில் இன்னும் சொட்டு ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது.